சிவப்புக் கோடுகளை எண்ணியவன்

அந்தப் படத்தை வரைந்தவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் கோபமெல்லாம் மற்றவர்கள் மேல் என்று படிப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். பாதிக் கோபம் என் மேல்தான். மீதிப் பாதிக்கு ஆள் நிறையப் பேர் உண்டு.

அறுபதுகளின் தொடக்கம் அது. கணக்கில் பட்டம் வாங்கிய கையோடு, திண்டுக்கல்லில் பள்ளிகளை மேற்பார்வை பார்க்கும் ஓர் அலுவலகத்தில் தற்காலிகக் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தேன். எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. மற்றவர்கள் மூன்று நாள் வைத்துப் பார்க்கும் காகிதத்தைப் பதினோரு மணி டீக்கு முன்னால் முடித்துவிட்டு, "வேற இருக்கா?" என்று போய் நிற்பேன். தலைமைக் குமாஸ்தாவுக்கு என்னைக் கண்டாலே எரிச்சல். "ஏலே அப்பு, செத்த நேரம் அடங்கி உக்காருலே. நீ பாக்குற வேகத்துல எங்களையும் பாக்கச் சொல்லிப்புடுவாய்ங்க" என்பார்.

அப்போதுதான் மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. எங்கள் எல்லைக்குள் இருந்த ஒன்றியங்களை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். ஆறாம் வகுப்புக்கு மேலே எந்த ஒன்றியத்தில் அதிகம் பிள்ளைகள் பாதியில் நிற்கிறார்கள், எதில் குறைவு என்று அட்டவணை அனுப்ப வேண்டும். பாதியில் நிற்பதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'வேஸ்டேஜ்'. சந்தையில் அழுகிப்போன தக்காளிக்குச் சொல்வது போல. இன்று அந்தச் சொல்லை நினைத்தால் பல்லைக் கடிக்கிறேன். அன்று எனக்கு அது உறைக்கவே இல்லை. எண்கள் வரப்போகின்றன, வகுக்கலாம், சதவீதம் போடலாம் என்ற ஒரே குஷி.

கடிதத்தின் கடைசியில் இன்னொன்றும் இருந்தது. எட்டாம் வகுப்போடு நிற்கும் பள்ளிகளில் ஒன்றை உயர்நிலைப் பள்ளியாக்கப் போகிறார்கள். இரண்டு ஊர்கள் கேட்டிருந்தன. ஒன்று ரெட்டியார்சத்திரத்திலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு பூந்தோட்டத்து ஊர். மற்றது ஒட்டன்சத்திரத்துக்கு அந்தப் பக்கம் இருந்த ஊர். எந்த ஒன்றியத்தில் பிள்ளைகள் நிலைத்துப் படிக்கிறார்களோ அதற்கே ஒன்பதாம் வகுப்பு. பிள்ளைகள் பாதியில் நிற்கிற ஊருக்கல்லவா பள்ளிக்கூடம் வேண்டும் என்று கேட்க அந்த அலுவலகத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் தபாலில் படிவம் வந்தது. அதில் இரண்டு கட்டங்கள். ஒன்றில், ஆண்டுத் தொடக்கத்தில் பதிவேட்டில் எத்தனை பெயர்கள். மற்றதில், அதன் பிறகு எத்தனை பெயர்களை நீக்கினார்கள். தொடர்ந்து இத்தனை நாள் வராத பிள்ளையின் பெயரைச் சிவப்பு மையால் அடித்துவிட வேண்டும் என்பது விதி. நான் இரண்டாவதை முதலாவதால் வகுத்தேன். ஒன்றியம் வாரியாகக் கூட்டினேன். அதோடு விட்டேனா? சொந்தக் காசில் கட்டம் போட்ட தாளும் வண்ணப் பென்சில்களும் வாங்கி, ஒன்றியத்துக்கு ஒரு கம்பம் என்று நட்டுவைத்தேன். ஒட்டன்சத்திரம் பச்சையில், முளை விட்ட பயறு போலக் குட்டையாக. பழனி, நெய்க்காரப்பட்டிப் பக்கம் மஞ்சளில், நடுத்தரமாக. ரெட்டியார்சத்திரம் சிவப்பில், தாளின் தலையைத் தொட்டுக்கொண்டு. அதிகாரி தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். "பிரமாதம் தம்பி" என்றார். அன்றைக்கு நான் தரையில் நடக்கவில்லை.

மாதக் கூட்டத்துக்கு வந்த தலைமையாசிரியர்கள் முன்னால் அந்தத் தாளை மாட்டினார்கள். அதிகாரி பிரம்பால் சிவப்புக் கம்பத்தைத் தட்டினார். மூன்றாம் வரிசையில் ஒருவர் எழுந்தார். நாற்பது வயதிருக்கும். முழுக்கைச் சட்டை, கை முனையில் சிவப்பு மைக் கறை. பூந்தோட்டத்து ஊரின் தலைமையாசிரியர்.

"அந்தச் செவப்புக் கம்பம் எங்க பள்ளிக்கூடத்தால வந்ததாய்யா?"

"பெரும்பாலும் உம்மாலதான்."

"அம்புட்டுப் பிள்ளைக நின்னுபோயிருந்தா நான் இந்நேரம் சுவத்துக்குல்ல பாடம் நடத்திக்கிட்டு இருக்கணும்."

சிரிப்பு எழுந்தது. பின்வரிசையிலிருந்து யாரோ, "ஒன்றியத்துச் செவப்பு மையெல்லாம் உங்க ஊருக்கே போகுதாம்ல வாத்தியாரே!" என்றார். இன்னும் பெரிய சிரிப்பு. நானும் சிரித்தேன். அதை மறைக்கப் போவதில்லை.

"கணக்கு பொய் சொல்லாது" என்றார் அதிகாரி.

"சொல்லாதுய்யா. எதை எண்ணுனாகன்னுதான் கேக்குறேன்."

அதிகாரி பிரம்பை வைத்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார். கூட்டம் கலைந்து வெளியே வந்தபோது அந்தத் தலைமையாசிரியர் என்னைப் பிடித்துக்கொண்டார். "கம்பம் நட்டவன் நீதானா? சைக்கிள் இருக்கா? நாளைக்கு வா. வந்து உன் கண்ணால எண்ணு."

கோபத்தோடுதான் போனேன். என் கணக்கில் தப்பா? வெயிலில் மிதித்துப் போய்ச் சேர்ந்து, தண்ணீர் கூடக் கேட்காமல் வருகைப் பதிவேடுகளை வாங்கிச் சிவப்புக் கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணினேன். அவர் அனுப்பியிருந்த எண்ணோடு அச்சாகப் பொருந்தியது.

"பாத்தீங்களா சார். எல்லாம் சரியா இருக்கு."

"சரியாத்தான் இருக்கு. இப்ப இந்தக் கோட்டுக்குக் கீழ இருக்கிற பேரைப் படி. படிச்சிட்டு அப்படியே கீழ போ."

எட்டாம் வகுப்புப் பதிவேடு. ஒரு பெண்ணின் பெயர், அதன் மேல் சிவப்புக் கோடு. பட்டியலின் அடியில் அதே பெயர், அதே தகப்பன் பெயர், புதிய சேர்க்கை எண். அதன் மேலும் கோடு. அதற்கும் கீழே மறுபடி அதே பெயர். இந்த முறை கோடு இல்லை. ஆனால் பெயருக்கு நேரே நாள்தோறும் வரவில்லை என்ற குறி வரிசையாக ஓடிக்கொண்டிருந்தது.

"ரெண்டு தடவ நின்னு ரெண்டு தடவ வந்திருக்கா" என்றேன். குரல் இறங்கிவிட்டது.

"இன்னைக்கு மூணாவது தடவ அடிக்கணும். வாரியா?"

பதிவேட்டைத் துண்டில் சுற்றி சைக்கிள் கேரியரில் கட்டினார். சிவப்பு மைக்குப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அடிப்பதென்றால் மேசையில் உட்கார்ந்தே அடிக்கலாமே, எதற்கு ஊருக்குள் தூக்கிக்கொண்டு போகிறார் என்று எனக்குப் புரியவில்லை.

மல்லிகைத் தோட்டத்தை ஒட்டிய வீடு. அந்தப் பெண்ணின் தாய் ஈரத்துணியில் மொட்டுகளைக் கொட்டிப் பரப்பிக்கொண்டிருந்தார். பெண் எங்களைப் பார்த்ததும் உள்ளே ஓடிவிட்டாள். தலைமையாசிரியர் வணக்கம் கூடச் சொல்லவில்லை. வாசலிலேயே குத்தவைத்து உட்கார்ந்து, பதிவேட்டை விரித்து, குப்பியைத் திறந்து, பேனாவை முக்கினார்.

"என்னா சார் எழுதுறீக?"

"எழுதல தாயி. உம் மக பேரை அடிக்கிறேன்."

அந்த அம்மாள் மொட்டுகளை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்தார். "அய்யோ சார்! உசுரோட இருக்கிற பிள்ளை பேரைச் செவப்புல அடிக்காதீக. போன தடவ அடிச்சப்பவே எனக்கு ஒரு வாரம் ஒறக்கமில்ல."

"வராத பிள்ளைக்குப் பேரு எதுக்கு?"

"பூவு காலமுல்ல. வெள்ளன எடுக்கலேன்னா மலந்துபோகும்."

"எடுத்துட்டு வரச் சொல்லு. முத மணி போனாலும் நான் உள்ள விடுறேன்."

அப்போது தகப்பன் தோட்டத்திலிருந்து வந்தார். "வாத்தியாரே, நீங்க எங்க வீட்டுக்கு வந்தாலே எழவு வீட்டுக்கு வந்த மாதிரி வாரீக" என்றார்.

"உம் மக வந்துட்டா நான் ஏன்யா வாரேன்?" என்றபடி, அந்தத் தாயின் கண்ணுக்கு முன்னால், பெயரின் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை, மெதுவாக, ஈரம் மின்ன ஒரு கோடு இழுத்தார். அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். "நாளைக்கு வந்தா கீழ புதுசா எழுதுவேன். வரலேன்னா இப்படியேதான் கெடக்கும்" என்று பதிவேட்டை மூடினார்.

மறுநாளும் சைக்கிளை மிதித்துப் போனேன். யாரும் கூப்பிடவில்லை. இருக்க முடியவில்லை, போனேன். அந்தப் பெண் எட்டாம் வகுப்பில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். விரல் நுனியெல்லாம் மொட்டுக் காம்பின் பச்சை. தலைமையாசிரியர் பட்டியலின் அடியில் அவள் பெயரை நான்காம் முறையாக எழுதிக்கொண்டிருந்தார்.

நான் அவளிடம் போய், மன்னிப்புக் கேட்பது போல, என் அட்டவணையைப் பற்றிச் சொன்னேன். "உன்னை ரெண்டு பேரா எண்ணிட்டோம். இப்ப மூணாயிருச்சு."

அவள் யோசித்தாள். "அப்ப மூணு பேருக்கும் மதியச் சோறு உண்டா சார்?"

வகுப்பே சிரித்தது. "பேரை அடிச்சா உங்க ஆத்தா பதறுவாகன்னு தெரிஞ்சும் ஏம்மா நிக்கிற?" என்று கேட்டேன்.

"நானா நிக்கிறேன்? மல்லிகை நிப்பாட்டுது. சார் கோடு போட்டாத்தான் எங்கம்மா எங்கப்பாகிட்டச் சண்டை போடும். அதான் எப்ப வருவாருன்னு பாத்துக்கிட்டே இருப்பேன்." கொஞ்சம் நிறுத்தி, "இங்கன ஒம்போதாவது வருதாம்ல சார்? வந்துட்டா டீச்சர் வேலை வரைக்கும் படிச்சுருவேன்" என்றாள்.

சைக்கிளில் திரும்பும்போதுதான் உறைத்தது. அந்த ஊரில் ஒவ்வொரு சிவப்புக் கோடும் திரும்பி வந்த ஒரு பிள்ளை. மனிதர் வீடு வீடாகப் போய்க் கோடு போட்டுப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு வருகிறார். நான் உட்கார்ந்த இடத்தில் அந்தக் கோடுகளையெல்லாம் கூட்டி, வீணாய்ப்போனவர்கள் என்று கம்பம் நட்டிருக்கிறேன். பென்சிலை வேறு சீவிச் சீவி வரைந்தேனே!

அப்படியானால் பச்சைக் கம்பம்? அந்த வாரமே பஸ் பிடித்து ஒட்டன்சத்திரம் தாண்டிய அந்த ஊருக்குப் போனேன். அங்கிருந்த தலைமையாசிரியர் தங்கமான மனிதர். இளநீர் வெட்டச் சொன்னார், விசிறி எடுத்துக் கொடுத்தார். பதிவேடு பளிச்சென்று இருந்தது, ஒரு சிவப்புத் துளி இல்லை. எல்லாப் பெயருக்கு நேரேயும் வந்ததற்கான குறி. எழுந்து வகுப்பறைக்குப் போனேன். அன்று சந்தை நாள். எட்டாம் வகுப்பில் மூன்று பிள்ளைகள், ஒரு நாய்.

"மத்த பிள்ளைக எங்க சார்?"

"ஏனுங்க தம்பி, வந்த இடத்துல இதையெல்லாம் பாக்கறீங்க? சந்தைக்கு மூட்டை தூக்கப் போயிருக்குமுங்க."

"இதுல பாதிப் பேரு போன வருசத்துலருந்தே வரலேன்னு அந்தப் பிள்ளைக சொல்லுதே?"

"பேரை அடிச்சா ஒரு வாத்தியார் போஸ்ட்டு போயிருமுங்க. வாத்தியாருக்கும் புள்ளகுட்டி இருக்குதுங்களே. பேரு பாட்டுக்கு இருக்கட்டும்னு உட்டுப்போட்டங்க. பேரு என்ன சோறா கேக்குது?" சிரித்துக்கொண்டே இன்னொரு இளநீரை நீட்டினார். அந்தச் சிரிப்பில் கபடமே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

மறுபடி எண்ணினேன். இந்த முறை கோடுகளை அல்ல, பிள்ளைகளை. இரண்டு ஊர்களிலும் பெயர் பெயராக, இன்றைக்கு இந்தப் பிள்ளை எங்கே இருக்கிறது என்று விசாரித்து எழுதினேன். விடுமுறை நாட்களெல்லாம் அதற்கே போயின. முடிவில் கம்பங்கள் தலைகீழாகின. புதுத் தாளை எடுத்துக்கொண்டு அதிகாரியிடம் ஓடினேன்.

அவர் அதைத் தொடக்கூட இல்லை. "பழைய படத்தை வரைஞ்சது யாரு தம்பி?"

"நான்தான் சார்."

"சந்தேகம் இருந்தா அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

"அன்னைக்குச் சந்தேகம் வரல சார்."

"எனக்கு இன்னைக்கும் வரல. விதிப்படி நீக்கின பேர் நீக்கின பேர்தான். மேல போன காகிதத்தை நான்தான் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கேன். இப்ப அது தப்புன்னு நானே எழுதவா?"

"அந்த ஊருக்கு ஒன்பதாவது போயிரும் சார்."

"எதோ ஒரு ஊருக்கு வருதுல்ல?"

என் வாழ்க்கையில் அப்படிக் கோபம் வந்ததில்லை. அவருக்கு மேலே இருந்தவருக்கு நானே நேராக எழுதிப் போட்டேன். எழுதியது பிரிக்காதது போல மடங்கித் திரும்பி வந்தது. முறையான வழியில் வரவில்லையாம். முறையான வழி என்றால் அதே அதிகாரியின் மேசை. தலைமைக் குமாஸ்தா அந்த உறையை என் முன்னால் போட்டுவிட்டு, "அப்பு, அம்புட்டு வேகமாக் கம்பம் நட்டேல்ல, புடுங்குறதுக்கும் அதே வேகம் வருமாலே?" என்றார். கேலிதான். ஆனால் அந்த அலுவலகத்தில் எவராவது சொன்ன ஒரே உண்மை அதுதான்.

உத்தரவு வந்தது. ஒன்பதாம் வகுப்பு, பேர்கள் மட்டும் குடியிருந்த அந்த ஊருக்கு.

நான் பூந்தோட்டத்து ஊருக்குப் போனபோது பள்ளி திறந்து சில நாட்களாகியிருந்தன. தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்து மைக்குப்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆறுதல் சொல்லத்தான் போனேன். வாயைத் திறந்ததும் வந்தது வேறு.

"நீங்களும் எல்லாரையும் மாதிரிப் பேரை விட்டுவச்சிருந்தா ஒன்பதாவது இங்க வந்திருக்கும்ல சார்! யாரு உங்களை அடிக்கச் சொன்னா?"

"வந்திருக்கும்" என்றார். பிறகு அவரும் எழுந்துவிட்டார். "பெஞ்சில உக்காரப் பேரா வரும்? பிள்ளைல்ல வரணும்! கோட்டை எண்ணத் தெரிஞ்ச உனக்கு, கோடு எதுக்குன்னு ஒரு வார்த்தை எழுதிக் கேக்கத் தெரியலையே! ஒரு கார்டு. அஞ்சு பைசாக் கார்டு போட்டிருந்தா நான் சொல்லியிருக்க மாட்டனா?"

  அவர் மறுபடி மைக்குப்பியைத் துடைக்க உட்கார்ந்தார்.

"அந்தப் பொண்ணு?" என்று கேட்டேன்.

"எட்டாவது பாஸ். நல்ல பாஸ். திண்டுக்கல்லுக்கு அனுப்புங்கன்னு கேட்டேன். பொட்டப்பிள்ளையப் பஸ்ஸேத்தி அம்புட்டுத் தூரம் விடச் சொல்றீகளான்னு அவங்கப்பன் கேக்குறான்."

"மறுபடி ஒரு தடவ போய்ப் பாக்கலாமே சார். அந்தப் பதிவேட்டை எடுத்துக்கிட்டு..."

"போனேன்யா. பதிவேட்டைக் கட்டிக்கிட்டுத்தான் போனேன். மையும் பையிலதான் இருந்துச்சு. அந்தம்மாவும் வாசல்ல வந்து நிக்கிது, நான் ஏதாவது செஞ்சுருவேன்னு. எதைத் தெறந்து காட்ட? எட்டாவது முடிஞ்சு டி.சி. எழுதிக் கையில கொடுத்தாச்சு. அடிக்கிறதுக்குப் பேரு இல்லையேப்பா."

தோட்டத்து வழியாகத்தான் திரும்பினேன். அவள் செடிகளுக்கு நடுவே நின்றிருந்தாள். பாவாடை மாறித் தாவணி வந்திருந்தது. என்னைக் கண்டதும் ஓடவில்லை, சிரித்தாள்.

"சார், அந்த மூணு பேருல ஒருத்தியாச்சும் ஒம்போதாவது போறாளா?"

நான் சைக்கிள் மணியை ஒரு தரம் அடித்தேன். எதற்கு அடித்தேன் என்று தெரியவில்லை. வழியில் யாரும் குறுக்கே இல்லை.

அடுத்த ஆண்டும் அதே படிவம் வந்தது. அதே கட்டங்கள். பூந்தோட்டத்து ஊரின் படிவத்தைக் கையில் எடுத்து, எந்தக் கட்டத்து எண்ணில் அவள் இருக்கிறாள் என்று தேடினேன். இல்லை. படித்துக்கொண்டிருந்த காலத்தில் மூன்று முறை வீணாய்ப்போனவளாக இருந்தவள், உண்மையிலேயே நின்றுவிட்ட பிறகு எந்தக் கட்டத்திலும் இல்லை. எட்டு முடித்து டி.சி. வாங்கிய பிள்ளை நின்ற பிள்ளை ஆகாதாம். படித்து முடித்த பிள்ளையாம். பச்சைக் கம்பத்து ஊரில், புது ஒன்பதாம் வகுப்பில், எல்லாப் பெயர்களும் நாள் தவறாமல் வந்துகொண்டிருந்தன.

மேலிடத்துக்குப் போகும் பெரிய அட்டவணையை நகல் எடுக்கும் வேலை என்னுடையது. மற்ற ஒன்றியங்களுக்கு எண்களை எழுதினேன். ரெட்டியார்சத்திரத்துக்கு நேரே எண் எழுதவில்லை. அவள் பெயரை எழுதினேன். முழுப் பெயர், தகப்பன் பெயரோடு. மேசையில் இருந்த சிவப்பு மையை எடுத்து, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை, மெதுவாக, ஒரு கோடு இழுத்தேன். அதிகாரி கையெழுத்துப் போடும்போது எதையும் படிப்பதில்லை. போய்விட்டது. அங்கே எவராவது அதைப் பார்ப்பார், அந்தத் தாய் பதறியது போலப் பதறுவார், யார் இந்தப் பிள்ளை, ஏன் அடித்தீர்கள் என்று கேட்டு எழுதுவார் என்று உண்மையாகவே நம்பினேன். தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் போய் நின்றேன், எத்தனை நாள்.

அட்டவணை திரும்பி வந்தது. அவள் பெயரைச் சுற்றி நீலப் பென்சிலில் ஒரு வட்டம். ஓரத்தில் ஒரு வரி: 'எண்ணால் மட்டும் நிரப்பவும்.'